கோரையையும் அருகம்புல்லையும் ஊறவைத்துத் திரவ உரம் செய்யலாமா?

கேள்வி:
வணக்கம். காய்கறிப் பாத்திகளில் களையெடுக்கும்போது கூடை கூடையாகச் சேரும் கோரையையும் அருகம்புல்லையும் மட்குக் குழியில் போட அஞ்சுகிறேன். அவற்றின் கிழங்கும் தண்டும் அங்கே சாகாமல், மட்குடன் சேர்ந்து மீண்டும் பாத்திக்கே வந்துவிடுகின்றன. ஆகவே இம்முறை அவற்றை மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் ஊறவைத்தேன். தண்ணீர் பழுப்பாகி, நாற்றம் தாங்க முடியவில்லை. உரம் கெட்டுவிட்டதா? எவ்வளவு காலம் ஊற வேண்டும், எந்த அளவில் செடிக்கு ஊற்ற வேண்டும்?

பதில் 1:
கெடவில்லை, கவலை வேண்டாம். காற்றில்லாத நீரில் நுண்ணுயிரிகள் தழையைச் சிதைக்கும்போது கந்தகம் கலந்த வாயுக்களும் கரிம அமிலங்களும் உண்டாவதே அந்த நாற்றத்திற்குக் காரணம். நாள்தோறும் ஒரு கோலால் அடிவரை கலக்கிவிட்டால் ஓரளவு குறையும். வாளியை இறுக மூடினால் வாயு அடைபட்டுவிடும் என்பதால், மூடியைத் தளர்வாக வைத்து, கொசு முட்டையிடாதபடி மெல்லிய துணியைக் கட்டிவிடுங்கள். 2 முதல் 4 வாரங்களில், வெப்பமான காலத்தில் இன்னும் விரைவாக, தழை கூழாகிவிடும். வடிகட்டிய நீரில் ஒரு பங்குக்குப் 10 பங்கு தண்ணீரும், நாற்றுகளுக்கு 20 பங்கும் சேர்த்து, ஈரமான மண்ணில் வேரோரமாக ஊற்றலாம்.

பதில் 2:
மேலே சொன்ன அளவு சரியானது. ஆனால் இதை முழுமையான உரமாகக் கருதிவிட வேண்டாம் என்பது என் கருத்து. சாம்பல் சத்து (பொட்டாசியம்) தாவரத்தில் கரையும் நிலையிலேயே இருப்பதால் எளிதில் நீரில் இறங்கிவிடுகிறது. தழைச்சத்தின் (நைட்ரஜன்) பெரும்பகுதி புரதத்தில் கட்டுண்டு கிடப்பதால், அழுகல் முற்றினால்தான் வெளிவரும். மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இதிலிருந்து பெரிதாக எதிர்பார்க்க முடியாது. எந்தக் களை, எவ்வளவு இளசு என்பதைப் பொறுத்து ஒவ்வொரு வாளியும் வேறுபடும். மட்கு உரத்தை இட்டுக்கொண்டே, இடையிடையே இதைத் துணையாகக் கொடுப்பதுதான் நல்லது. கீரையைப் போல இலையையே உண்ணும் பயிர்களின் மேல் இதைத் தெளிக்கவே கூடாது, ஏனெனில் அழுகல் நீரில் தீங்கான நுண்ணுயிரிகளும் இருக்கக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. வடித்த பின் மிஞ்சும் சக்கையில் கோரைக் கிழங்கு செத்துவிட்டதா என்பதை எப்படி அறிவது?

பதில் 3:
நாள் கணக்கை நம்பாமல், கிழங்கையே பார்ப்பதுதான் வழி. வாளியின் அடியிலிருந்து சில கிழங்குகளை எடுத்து விரலால் நசுக்குங்கள். கறுத்துக் கூழாகப் பிதுங்கினால் செத்துவிட்டது. கெட்டியாக இருந்து, நறுக்கினால் உள்ளே வெண்மை தெரிந்தால் உயிர் இருக்கிறது, திரும்பவும் மூழ்க வைக்க வேண்டும். மிதப்பவை தப்பிவிடும் என்பதால் மேலே ஒரு கல்லை வைத்து அழுத்துங்கள். விதை கட்டிய களைகளைச் சேர்க்க வேண்டாம். கடினமான தோலுள்ள விதைகள் பல வாரம் நீரில் கிடந்தாலும் முளைக்கக்கூடும். களைக்கொல்லி பட்ட செடிகளையும் அறவே தவிர்த்துவிடுங்கள், சில மருந்துகள் அழுகிய பின்னும் வீரியம் குறையாமல் உரநீரோடு வந்து தக்காளி, அவரை போன்ற பயிர்களைச் சுருளச் செய்துவிடும். பார்த்தீனியம் என்ற களையைக் கையாள நேர்ந்தால், தோலில் அரிப்பும் தடிப்பும் வரும் என்பதால் கையுறை கட்டாயம். கிழங்கு முற்றிலும் கூழான சக்கையை மட்டும் குழியில் போட்டு, காய்ந்த சருகால் மூடிவிடுங்கள்.