கொடையில் வில்லுக்கு இரண்டு மணி நேரம் போதுமா?

பாறசாலை மேற்கு:
சென்ற செவ்வாய்க்கிழமை, கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் ஊரில் மாடன் கோயில் கொடை, அதாவது கோயில் திருவிழா. ராத்திரி ஒன்பதுக்கு வில்லுப்பாட்டு, பதினொன்றுக்குக் கானமேளை என்கிற மெல்லிசைக் கச்சேரி என்று கமிட்டி முன்கூட்டியே நோட்டீஸ் அடித்துவிட்டது. பாட வந்தவர்கள் நாஞ்சில் நாட்டுக் குழு, நல்ல குழு. காப்பு, வாழ்த்து எல்லாம் முடிந்து, கைலாயத்தில் விளக்குச் சுடரிலிருந்து சுடலை மாடன் பிறக்கிற இடம் வந்து, சுடுகாட்டுப் பிணத்தைத் தின்ற பிள்ளையைப் பூலோகத்துக்கு அனுப்புகிற இடத்தில் மணி பதினொன்று. மேடைக்குப் பின்னால் கீபோர்டு டெஸ்டிங் ஆரம்பமாகிவிட்டது. காளிப்புலையன் கதைக்குள் வரவே இல்லை. அவன் மலையாள நாட்டு மந்திரவாதி, எங்கள் பக்கத்து ஆள்! அந்தக் கட்டத்துக்காகத்தான் எங்கள் ஊரில் பாதிப்பேர் உட்கார்ந்திருப்பார்கள். சாமியாடி கச்சை கட்டி, தலைப்பாகை வைத்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதை பாதியில் நின்றால் அவருக்கு அருள் எப்படி வரும்? கலையைப் பாதுகாக்க வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம், முதலில் அதற்குரிய ராத்திரியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

ஒழுகினசேரி வாசகி:
அண்ணாச்சி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் விடிய விடிய உட்கார ஆள் எங்கே? நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வில்லு சொல்லிக்கொடுக்கிறேன். நாற்பது நிமிடத்துக்குச் சுருக்கினால்தான் ஆண்டு விழாவில் இடம் கிடைக்கிறது. அந்த நாற்பது நிமிடத்தில் வில்லின் நாணைத் தட்டுகிற வீசுகோலைப் பிடித்த எட்டு பெண் பிள்ளைகள் இன்று உடுக்கையும் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் பிறந்த கலைவாணர் வில்லை மேடைக்குக் கொண்டுபோகவில்லையா? சுப்பு ஆறுமுகம் ஐயா காந்தி கதையிலிருந்து நாட்டு நடப்பு வரைக்கும் வில்லில் பாடினார், 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். கோயிலை விட்டு வெளியே வந்ததால்தான் சென்னையில் இருப்பவனுக்கும் வில்லு என்றால் என்னவென்று தெரிகிறது. வில்லுப்பாட்டுக் கலைஞர் கொட்டாரத்துப் பூங்கனி அம்மாள் 2018இல் காலமானபோது, அவர் பாடிய பதிவுகள் இன்னும் நிறைய இருந்திருக்கக் கூடாதா என்று நான் அழுதேன். என் கட்சி இதுதான்: பதிவு செய்யுங்கள், சுருக்குங்கள், பரப்புங்கள்.

பாறசாலை மேற்கு:
சுப்பு ஆறுமுகம் ஐயா பெரிய கலைஞர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் பாடியது சபைக்கு. கொடையில் பாடுவது சாமிக்கும் சாமியாடிக்கும். இரண்டும் ஒன்றல்ல தங்கச்சி. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்கர் 1970களில் நாஞ்சில் நாட்டுக் கொடைகளில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தார். கதை சாவை நெருங்க நெருங்கத்தான் கொடை உச்சத்துக்குப் போகிறது என்று அவர் கண்டதை எங்கள் ஊர்ப் பாட்டிகளும் சொல்வார்கள். வெட்டுப்பட்டுச் செத்துத் தெய்வமான வாதைகளின் கதை என்றால் அந்த வெட்டு விழுகிற இடம் வர வேண்டாமா? நாற்பது நிமிடத்தில் அதைச் செய்தி மாதிரி சொல்லிவிட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று. 1956இல் எல்லை பிரிந்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, எங்கள் பாறசாலை இருக்கிற நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எங்கள் பிள்ளைகள் மலையாளம்தான் படிக்கிறார்கள். வில்லுப்பாட்டை இந்தப் பக்கம் வில்லடிச்சாம்பாட்டு என்பார்கள், பாடுவது தமிழில். என் வீட்டுப் பிள்ளைகள் வருஷத்தில் ஒரு ராத்திரி முழுக்கத் தமிழ் கேட்பதே அங்கேதான். அதையும் பதினொன்றுக்கு முடித்துவிட்டால் என்ன மிச்சம்?

குடத்தடி:
நான் குடம் அடிக்கிறவன், இருபத்தாறு வருஷமாக. இரண்டு பேரிடமும் எனக்குக் கேள்வி இருக்கிறது. அண்ணாச்சி, விடிய விடியப் பாட எங்களுக்கும் ஆசைதான். ஆனால் ராத்திரி முழுக்கப் பாடினாலும், இரண்டு மணி நேரம் பாடினாலும் கமிட்டி தருவது ஒரே பணம். அக்கா, எங்கள் குழு பாடியதை யாரோ ஒருவர் பிடித்து இணையத்தில் போட்டார், பார்த்தவர்கள் ஏராளம். போட்டவரிடம் கேட்டபோது உங்கள் கலை வளரட்டும் என்றார். எங்கள் குழுவில் முன்னால் பாடுகிற புலவருக்கு மருந்து வாங்க அன்று நாங்கள்தான் பிரித்துப் போட்டோம். கூலியைப் பற்றிப் பேசாமல் என்ன பாதுகாப்பு?

ஒழுகினசேரி வாசகி:
அண்ணே, நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். பதிவு போடுகிறவர் குழுவின் பெயரைப் போட வேண்டும், வருகிற பணத்தில் பங்கு தர வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனாலும் பதிவு வேண்டாம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குடத்தின் வாயில் பத்தி என்கிற தட்டை விழும்போது எழுகிற அந்தக் கும்மென்ற சத்தத்தை நான் முதலில் கேட்டது பழைய கேசட்டில்தான், கோயிலில் அல்ல. பெண் பிள்ளை ராத்திரி கொடைக்குப் போகக் கூடாது என்று வீட்டில் விடவில்லை. கேசட் இல்லையென்றால் நான் இதற்குள் வந்தே இருக்க மாட்டேன்.

பாறசாலை மேற்கு:
அது நான் யோசிக்காத விஷயம். சரி.

என் அப்பா வைத்திருந்த நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். சுடலை கதை முழுக்கத் தமிழ், எழுத்து மட்டும் மலையாள எழுத்து, அவருக்குத் தெரிந்தது அதுதான். பக்க ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. காளிப்புலையன் மகள் மாவிசக்கியைச் சுடலை பலி கேட்கிற இடத்தில் ஒரு வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, ‘நில்லு’ என்று எழுதியிருக்கிறார். என்ன அர்த்தம் என்று சின்ன வயதில் கேட்டேன். அந்த வரியைப் பாடிவிட்டுச் சாமியாடியைப் பார்க்க வேண்டும், அவருக்கு அருள் ஏறுகிறவரைக்கும் அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு நிற்க வேண்டும், சில நாள் ஐந்து நிமிடம், சில நாள் அரை மணி நேரம் என்றார். உங்கள் நாற்பது நிமிடத்தில் அந்த வட்டத்தை எங்கே வைப்பீர்கள் தங்கச்சி?

ஒழுகினசேரி வாசகி:
வைக்க முடியாது. ஆனால் அந்த நோட்டை நீங்கள் படம் பிடித்து வைக்கவில்லையென்றால், அடுத்த மழைக்காலத்தில் கரையான் அரித்துவிட்டால், வட்டமும் போகும் வரியும் போகும். ஒரு கொடையை முழுதாக, நிற்கிற இடம் உட்பட, வெட்டாமல் பதிவு செய்ய நான் தயார். பிள்ளைகளுக்குச் சுருக்கித்தான் சொல்லிக்கொடுப்பேன், அதில் மாற்றம் இல்லை.

பாறசாலை மேற்கு:
நோட்டைப் படம் பிடிக்கலாம், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். சுருக்குவதில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் கானமேளையை முந்தின நாளுக்கு மாற்றச் சொல்லி நிற்கப்போகிறேன், கூலியை மணிக்கணக்கில் கேட்கவும்தான்.

குடத்தடி:
அக்கா, பதிவு பண்ண வரும்போது மைக்கை வில்லின் மணிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், மணிச் சத்தம் குடத்தை அமுக்கிவிடும். குடம் உட்காருகிற பிரிமணைக்கு ஒரு முழம் தள்ளி, தரையோடு வையுங்கள். நான் இடம் காட்டுகிறேன்.