சால்மெட்ரால்: அந்த 13 பேர்

இளையமூச்சு:
"சால்மெட்ரால் மாதிரி பன்னிரண்டு மணி நேரம் மூச்சுக்குழாயை விரித்து வைக்கும் ஆஸ்துமா மருந்து ஆளைக் கொல்லும், நீல இன்ஹேலரே போதும்" என்று பார்மசி அண்ணாச்சி நேற்று எழுதியதைப் படித்துவிட்டு என் அம்மா மருந்தை நிறுத்தப் பார்த்தார். எதை வைத்து இப்படி எழுதுகிறீர்கள்?

பார்மசி_அண்ணாச்சி:
அமெரிக்காவில் நடந்த ஸ்மார்ட் ஆய்வை வைத்து. 26,000 பேருக்கு மேல், 28 வாரம். சால்மெட்ரால் எடுத்தவர்களில் ஆஸ்துமாவால் இறந்தவர்கள் 13. வெற்று மருந்து எடுத்தவர்களில் 3. இந்தக் கணக்கு புரியவில்லையா தம்பி?

இளையமூச்சு:
அதில் பாதிப் பேருக்கு மேல் ஸ்டீராய்டு இன்ஹேலரே எடுக்கவில்லை. மூச்சுக்குழாயை விரிப்பது சால்மெட்ரால், உள்ளே வீக்கத்தை ஆற்றுவது ஸ்டீராய்டு. வீக்கத்தை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் விரித்தால் நோய் முற்றுவதே தெரியாது. அம்மா எடுப்பது இரண்டும் சேர்ந்தது.

பார்மசி_அண்ணாச்சி:
சேர்த்துவிட்டால் சால்மெட்ரால் சர்க்கரையாகிவிடுமா? 2003ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது. 32 வருஷம் கவுண்டரில் நின்றவன் நான். 13 பேர் தம்பி, 13 பேர்.

நர்ஸ்_அக்கா:
கட்டம் போட்டதைச் சொன்னவர், 2017 டிசம்பரில் கூட்டு மருந்துகளுக்கு அதை எடுத்துவிட்டதை ஏன் சொல்லவில்லை? தனி சால்மெட்ராலுக்குத்தான் எச்சரிக்கை நீடிக்கிறது. சால்பியூட்டமாலை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று 2019லேயே ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டியான ஜினா (GINA) சொல்லிவிட்டது. நீங்கள் போதும் என்கிற நீல இன்ஹேலர்தான் அது.

பார்மசி_அண்ணாச்சி:
சால்பியூட்டமால் 5 நிமிஷத்தில் இழுப்பை அடக்கும். சால்மெட்ராலுக்கு 10, 20 நிமிஷம் ஆகும். இழுக்கிறபோது உங்கள் நோயாளி வழிகாட்டியைப் படித்துக்கொண்டு இருப்பாரா?

இளையமூச்சு:
ஃபார்மோட்ராலும் பன்னிரண்டு மணி நேர மருந்துதானே? அது ஓரிரு நிமிஷத்திலேயே வேலையைத் தொடங்குகிறதே.

பார்மசி_அண்ணாச்சி:
நான் பேசுவது சால்மெட்ரால். பேச்சை மாற்றாதே.

இளையமூச்சு:
நேற்று பன்னிரண்டு மணி நேர மருந்து என்று மொத்தமாக எழுதியது யார்?

நர்ஸ்_அக்கா:
போன மாதம் ஆளுக்கு ஆள் டெரிஃபிலின் மாத்திரை சொன்னதும் இவர்தான். அதிலுள்ள தியோஃபிலின் ரத்தத்தில் கொஞ்சம் கூடினாலே வாந்தி, படபடப்பு. ரொம்பக் கூடினால் வலிப்பு. அதற்கெல்லாம் பயம் வரவில்லை.

பார்மசி_அண்ணாச்சி:
அப்போதும் எனக்கு எதிராக ஆள் சேர்த்தது நீங்கள்தான், மறக்கவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கடைக் கதவைத் தட்டி டெரிஃபிலின் வாங்கிப் பிழைத்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

திண்டுக்கல்_வாசி:
இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் குழாய் இல்லாமல் அடித்தால் பாதி மருந்து தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். அதை யாருமே பேசவில்லையே?

பார்மசி_அண்ணாச்சி:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே ஒரே கேள்வி. 13 பேர் இறந்தார்களா, இல்லையா?

இளையமூச்சு:
இறந்தார்கள். அவர்களில் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் எத்தனை பேர்?

பார்மசி_அண்ணாச்சி:
கேள்விக்குக் கேள்வி பதிலாகாது. இறந்தார்கள் என்று ஒப்புக்கொண்டாய் அல்லவா, சரி.

நர்ஸ்_அக்கா:
தம்பி, அம்மா மருந்தை விடாமல் எடுக்கிறார்களா? அதை மட்டும் சொல்லு.

பார்மசி_அண்ணாச்சி:
13.