இளைச்சுட்டியே, திரும்ப வந்துருச்சா?

மதுரை, 48 வயது

புற்றுநோய் வந்தால் ஆள் எலும்பும் தோலுமாகிவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு நடந்தது நேர்மாறு. மார்பில் கட்டி என்று தெரிந்தபோது 61 கிலோ இருந்தேன். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால் 72. என் உயரம் 152 சென்டிமீட்டர். இந்தியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்தோடு எடையைப் பார்க்கும் கணக்கு) 25-ஐத் தொட்டாலே உடல்பருமன் என்கிறார்கள், எனக்கு 31.

எப்படி ஏறியது என்று யோசித்தால் எல்லாமே சேர்ந்துதான். வாந்தியும் அலர்ஜியும் வராமலிருக்க கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் கொடுப்பார்கள். அது ஸ்டீராய்டு. தூக்கத்தைக் கெடுத்து, பசியைக் கிளப்பிவிடும். ராத்திரி 2 மணிக்கு ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடியே தயிர்சாதத்தைச் சட்டியோடு வழித்துச் சாப்பிட்டிருக்கிறேன். 43 வயதிலேயே மாதவிலக்கு நின்றுபோனது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதால் பெரும்பாலும் படுக்கைதான். இதோடு அம்மா. "உடம்பு தேறணும்டி" என்று ஆட்டுக்கால் சூப், பாதாம் பால், இட்லிக்கு நெய். அவரைக் குறை சொல்ல முடியாது. நோயாளி சாப்பிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பிய தலைமுறை.

டாக்டர் திட்டவில்லை. "மூணு மாசத்துல மூணு கிலோ போதும், அவசரம் வேண்டாம்" என்றார். தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். முதல் நாள் பாதிச் சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகனுடைய பழைய கணக்கு நோட்டில் தேதி போட்டு, எத்தனை சுற்று என்று கோடு கிழித்து வைத்தேன். சாப்பாட்டில் சோற்றை விடவில்லை, அது என்னால் ஆகாது. நாலு கரண்டி இரண்டானது, பொரியலும் கூட்டும் தட்டில் முதலில் விழுந்தன. சாயங்கால முறுக்குக்குப் பதில் சுண்டல். எண்ணெய் கேனில் மார்க்கரால் வாரத்துக்கு ஒரு கோடு போட்டேன், அந்த வாரம் அந்தக் கோட்டுக்குக் கீழே போகக்கூடாது என்று. முதல் மாதம் வீட்டில் அப்பளம் பொரிப்பதற்கே சண்டை வந்தது.

பத்து மாதத்தில் 65-க்கு வந்தேன். அப்போதுதான் அந்தக் கல்யாணம். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, பந்தியில் நாலு பேர் காதில் விழும்படி கேட்டார்: "என்னடி இப்படி இளைச்சுட்ட? திரும்ப வந்துருச்சா?"

சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. நானாகத்தான் குறைத்தேனா, இல்லை உள்ளே ஏதாவது தின்கிறதா? இத்தனை நாள் எடை மெஷினில் முள் இறங்கும்போதெல்லாம் சந்தோஷப்பட்டவள், அன்று அதன்மேல் ஏறவே பயந்தேன். மறுநாள் நோட்டோடு டாக்டரிடம் போய் நின்றேன். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். "நீங்க குறைச்சிருக்கீங்க, அதுவா குறையல. சாப்பாடும் நடையும் மாறாம எடை மட்டும் இறங்கினா உடனே வாங்க" என்றார். செக்கப்பும் செய்தார், ஒன்றுமில்லை.

இதே கேள்வி வேறு யாருக்காவது வந்திருக்கிறதா? நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?

கோவை, 57 வயது

வராமல் இருக்குமா! எனக்கு வீட்டுக்காரரே கேட்டார், அதுவும் மூன்று கிலோ குறைந்ததற்கு.

எனக்கும் மார்பகம்தான், வலது பக்கம். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருக்கிறார்கள். புற்றுநோய் திரும்ப வராமலிருக்க ஐந்து வருடத்துக்கு லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியும், காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்தடி மரப்பாச்சி நடைதான். விரல், முட்டி, குதிகால் எல்லாம் இறுகிப் போயிருக்கும். இந்த வலியோடு எங்கே நடப்பது என்று ஒரு வருடம் சும்மா இருந்தேன். எடை ஏறியது, வலியும் ஏறியது. பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்திதான் "வலி போனதும் நடக்கலாம்னு இருக்காதீங்கம்மா, நடந்தாத்தான் வலி குறையும்" என்றாள். இரண்டு மாதம் நான் நம்பவில்லை. மூன்றாவது மாதம் குதிகால் விட்டது.

வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம் வேக நடை, இரண்டு நாள் பளு தூக்குவது என்று எழுதிக் கொடுத்தாள். பளு என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெறிக்கட்டி எடுத்த பக்கம் என்பதால் வலது கையால் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக்கூடாது, கை வீங்கிவிடும் என்று சொல்லிச் சொல்லி, நாலு வருடமாக நான் காய்கறிப் பையையே இடது கையில்தான் தூக்கிக்கொண்டிருந்தேன். அது பழைய கதை என்று விளக்கினாள். 2009-இல் அமெரிக்காவில் ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்துப் பார்த்தார்களாம். வாரம் இருமுறை, கொஞ்சம் கொஞ்சமாகப் பளுவைக் கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவதுகூட அவர்களுக்குக் குறைவாகத்தான் இருந்ததாம். ஆனால் அவர்கள் ஆள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, கைக்கு அழுத்த உறை போட்டுக்கொண்டு செய்தவர்கள். யூடியூப் பார்த்து நாமாக ஆரம்பிக்கிற விஷயம் இல்லை.

நான் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆரம்பித்தேன். இப்போது ஒரு கிலோ துவரம் பருப்புப் பாக்கெட், கைக்கு ஒன்று. மாதம் ஒருமுறை மணிக்கட்டுக்கு மேலும் முழங்கைக்கு மேலும் டேப்பால் அளந்துகொள்வேன். லெட்ரோசோல் எலும்பையும் தேய்க்கும் என்பதால் எலும்பு ஸ்கேன் எடுத்து, கால்சியம் மாத்திரையும் ஓடுகிறது.

ஒரு வருடத்தில் மூன்றே கிலோ. மெஷின் பெரிதாக மாறவில்லை, உள்பாவாடை நாடா மாறிவிட்டது. முன்பு முடிச்சுப் போடவே நுனி எட்டாது, இப்போது ஒரு சாண் தொங்குகிறது. வீட்டுக்காரரிடம் அந்த நாடாவைத்தான் காட்டினேன்.

சென்னை, 61 வயது

உங்கள் இருவரைப் போல வெற்றிக் கதை இல்லை என்னிடம். எனக்குக் கர்ப்பப்பையின் உள்சுவரில் வந்த புற்றுநோய். அப்போது 88 கிலோ, சர்க்கரையும் பிரஷரும் வேறு. மாதவிலக்கு நின்ற பிறகும் உடம்புக் கொழுப்பு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை உருவாக்கும், இந்த வகைப் புற்றுநோய்க்கும் பருமனுக்கும் நெருக்கமான தொடர்பு உண்டு என்று டாக்டர் விளக்கினார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு மட்டும் 'நீயே வரவழைத்துக்கொண்டாய்' என்று கேட்டது. அதிலிருந்து வெளியே வர ஒரு வருடம் ஆனது. ஒல்லியாக இருந்தவர்களும் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார்கள்.

வாக்கிங் வரும் ஒரு அம்மாள் பவுடர் டப்பா ஒன்று விற்றார். பாலில் கலக்கிக் குடித்தால் மாதம் ஐந்து கிலோவாம். இரண்டு வாரத்தில் வயிற்றைப் புரட்டியது. டாக்டரிடம் டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அதில் ஒழுங்காக எழுதக்கூட இல்லை. குப்பையில் போடச் சொன்னார். 2,400 ரூபாய் போச்சு. முட்டி வலிக்காக நாற்காலியில் உட்கார்ந்தே செய்யும் பயிற்சிதான் இப்போது. ஆறு குறைந்தது, தீபாவளிக்கு நாலு திரும்ப ஏறியது. ஆனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8.1-லிருந்து 6.9-க்கு வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

திருச்சி, 36 வயது

அக்கா எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மார்பகம், மூணாவது கீமோ முடிஞ்சிருக்கு. இப்பவே நாலு கிலோ ஏறிடுச்சு. இப்பவே டயட் ஆரம்பிக்கலாமா? சோறு இல்லாம கறி, முட்டை, காய்னு சாப்பிடற பேலியோ டயட் இருக்கலாம்னு ஃப்ரெண்ட் சொல்றா.

மதுரை, 48 வயது

வேண்டாம்மா, இப்போது எதையும் தொடாதே. கீமோ நடக்கும்போது எடையைக் குறைக்க முயற்சி செய்யாதே என்றுதான் எனக்குச் சொன்னார்கள். மருந்தின் அளவே உன் எடையையும் உயரத்தையும் வைத்துத்தான் போடுகிறார்கள். முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் ஒழுங்காகப் போகட்டும். முட்டையை நன்றாக வேகவைத்துக்கொள். வெள்ளை அணுக்கள் குறையும் நாட்களில் சாலட் வேண்டாம். ஸ்டீராய்டு பசி வந்தால் ஒரு கப் பொரிகடலையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள், தயிர்சாதச் சட்டியைத் தூரமாக வை. முடிகிற அன்று வீட்டுக்குள்ளேயே பத்து நிமிஷம் நட, முடியாத அன்று படு. ஏறின நாலு கிலோ எங்கேயும் போய்விடாது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எதற்கும் உன் டாக்டரிடம் கேட்டுவிடு.

கோவை, 57 வயது

காய்ச்சல் 100-ஐத் தாண்டினால் நடையெல்லாம் மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணு கண்ணு. ராத்திரியானாலும் சரி.

திருச்சி, 36 வயது

சரி அக்கா. பேலியோவை விட்டுட்டேன். அம்மா இப்பத்தான் டம்ளரில் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்து வச்சுட்டு, நான் குடிக்கிறேனான்னு பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க.