3 × 4 × 5 பெட்டியில் 94 கட்டையா?

கரும்பலகை:
ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சின்னக் கனசதுரங்களால் ஆன 3 × 4 × 5 பெட்டி ஒன்றை வரைந்து, எத்தனை கட்டை என்று கேட்டேன். சூத்திரம் இன்னும் சொல்லித்தரவில்லை. 60 என்றவர்கள் குறைவு. 94 என்று ஒரு கூட்டம், 47 என்று ஒரு கூட்டம், ஒரு பெண் மட்டும் 54. கவனக்குறைவு என்றால் ஆளுக்கொரு எண் வர வேண்டாமா?

அடுக்கு:
கவனக்குறைவு இல்லை. 12, 15, 20 மூன்றையும் கூட்டி இரண்டால் பெருக்குங்கள், 94. கட்டையை விட்டுவிட்டு ஆறு பக்கச் சதுரங்களை எண்ணியிருக்கிறார்கள். மூலைக் கட்டை மூன்று தடவை கணக்கில் வந்துவிடும். 47 என்பது படத்தில் தெரிகிற மூன்று பக்கம் மட்டும். பட்டிஸ்டாவும் கிளமென்ட்ஸும் 1996-ல் எழுதிய ஆய்விலும் பிள்ளைகள் இப்படித்தான் எண்ணுகிறார்கள்.

54 சொன்ன பெண்ணை விட்டுவிடாதீர்கள். வெளிக்கட்டை ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை எண்ணியிருக்கிறாள், அது லேசில்லை. உள்ளே ஒளிந்திருக்கிற 1 × 2 × 3, அந்த ஆறுதான் விட்டுப்போயிற்று. கட்டைகளைக் கையில் கொடுங்கள், தட்டுத் தட்டாக அடுக்கட்டும்.

உருளைக்காரன்:
சூத்திரம் தெரிந்தவர்களும் தப்புவதில்லை. ஒரு ஏ4 தாளை நீளவாட்டில் சுருட்டி ஒரு உருளை, அகலவாட்டில் சுருட்டி இன்னொன்று. எதில் அதிகம் கொள்ளும்? ஒரே தாள்தானே, சமம் என்பார்கள். குட்டையானதில் சுமார் 1.4 மடங்கு கொள்ளும். ஆசிரியர் அறையிலும் கேட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

கரும்பலகை:
கட்டைகளைக் கொடுத்தேன். 94 சொன்ன பையன் அடுக்கிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தி, "சார், நடுவுல இருக்கறத எந்தப் பக்கத்துல சேர்க்கறது?" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, தட்டுத் தட்டாகப் பிரித்து 12, 24, 36 என்று தானே எண்ண ஆரம்பித்தான்.

அப்புறம் அந்த 54 பெண். உள்ளே இருக்கிற ஆறை ஏன் விட்டாய் என்று கேட்டேன். "நீங்க பெட்டின்னுதானே சார் சொன்னீங்க? பெட்டின்னா உள்ள காலியாத்தானே இருக்கும்?"