பள்ளித் தரம் பற்றிப் பெற்றோருக்குச் சொன்னது உங்களுக்குப் புரிந்ததா? அனுபவத்தைப் பகிருங்கள்

செந்தூல் அம்மா:
2017 தொடக்கம், பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக்கூட்டம். முந்தைய வருடம்தான் ஆண்டு 6 பிள்ளைகள் எழுதும் யுபிஎஸ்ஆர் அரசுத் தேர்வு புது வடிவத்துக்கு மாறியிருந்தது. மலேசியா முழுக்க எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கியவர்கள் 2015இல் 38,344 பேர், 2016இல் வெறும் 4,896 பேர். அந்த வருடம் பிள்ளையைத் தேர்வுக்கு அனுப்பிய வீடுகளில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். என் மகள் அப்போது ஆண்டு 3. திரையில் ஜிபிஎஸ், அதாவது பள்ளியின் தேர்வுச் சராசரி என்று போட்டு 2.3, பக்கத்தில் 2.9 என்று காட்டினார்கள். எண் ஏறியிருக்கிறதே என்று நான் கைதட்டிவிட்டேன். என்னைப் பார்த்துப் பின்வரிசையில் நாலைந்து பேர் தட்டினார்கள். மேடையில் ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். ஜிபிஎஸ் குறையக் குறையத்தான் நல்லது என்று வீட்டுக்கு வந்தபிறகு என் தங்கை சொல்லித் தெரிந்தது. "அம்மா, நம் பள்ளி இந்த வருடம் இறங்கியிருக்கிறது" என்று யாராவது ஒருவர் தமிழில் சொல்லியிருக்கலாம். நாங்கள் கைதட்டியதால் அதற்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்க ஆளே இல்லாமல் போயிற்று.

பட்டர்வொர்த் ஓய்வு ஆசிரியர்:
அம்மா, மேடையில் இருந்தவர்களை மட்டும் குறை சொல்ல என்னால் முடியாது. கணக்கறிக்கை, தேர்தல், தேநீர் எல்லாம் போக நமக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அதில் ஏ என்றால் 1, ஈ என்றால் 5, அதன் சராசரிதான் ஜிபிஎஸ் என்று பாடம் நடத்த எங்கே நேரம்? ஆனால் உங்கள் கதையைப் படித்ததும் எனக்கு ஒருவர் நினைவுக்கு வந்துவிட்டார். 2010லிருந்து பள்ளிகளுக்கு பேண்ட் என்று 1 முதல் 7 வரை தரம் போட்டார்களே, அந்தக் காலத்தில் ஓர் அப்பா வாசலில் மோட்டாரை நிறுத்திவிட்டு, "சார், நம் பள்ளி பேண்ட் 4 என்கிறார்களே, அது நல்லதா கெட்டதா?" என்று கேட்டார். "நடுத்தரம்தான்" என்று சொல்லிவிட்டு மணி அடித்ததால் உள்ளே போய்விட்டேன். அதில் 70 விழுக்காடு தேர்வு முடிவு, மீதி 30 பள்ளி தனக்குத்தானே போட்டுக்கொண்ட மதிப்பெண் என்பதை நான் சொல்லவில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

ஜெலுத்தோங் அப்பா:
பேண்ட் 1தான் உயர்வு என்று மனதில் பதிந்துபோனதால் எனக்கு நடந்ததைக் கேளுங்கள். மகன் ஆண்டு 2, தேர்ச்சி அறிக்கையில் தமிழ், மலாய், கணிதம் எல்லாவற்றிலும் டிபி, அதாவது தேர்ச்சி நிலை, 2. முதலாவதுக்கு அடுத்தபடி என்று நினைத்துக்கொண்டு அன்று இரவே நாசி கண்டார் கடைக்குக் கூட்டிப்போனேன், பெரிய கோழித்துண்டு வாங்கிக் கொடுத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான், களைப்பு என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து வகுப்பாசிரியர் போன் செய்து, பையனுக்கு இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை என்றார். டிபியில் 6தான் உச்சம், 3 இருந்தால்தான் குறைந்தபட்சம் என்று அன்றுதான் தெரியும். அந்த மேசையில் அவனுக்கு உண்மை தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

கெப்போங் அக்கா:
தம்பி, இனிமேல் அறிக்கையை வாங்கியதும் ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வயதுக்குத் தகுந்த அளவு இவனால் செய்ய முடிகிறதா, முடியாவிட்டால் எது வரவில்லை?" எண்ணே வேண்டாம். வாசிப்பு வரவில்லை என்றால் பெமுலிஹான் என்கிற குறைநீக்கல் வகுப்பில் சேர்த்திருக்கிறார்களா, வாரத்துக்கு எத்தனை பாடவேளை, எந்தப் பாட நேரத்தில் பிள்ளையை அங்கே கூட்டிப்போகிறார்கள் என்று கேளுங்கள். ஆண்டு 3க்குள் சேர்த்துவிட வேண்டும், பெரிய வகுப்புக்குப் போய்விட்டால் கஷ்டம். பள்ளியைப் பற்றித் தெரிய வேண்டுமா, யுபிஎஸ்ஆர் 2021இல் போய்விட்டது, ஆரம்பப்பள்ளியில் பழைய மாதிரி ஜிபிஎஸ் கேட்டுப் பயனில்லை. 2017லிருந்து எஸ்கேபிஎம்ஜி2 என்று ஒரு பள்ளித் தர மதிப்பீடு இருக்கிறது, ஐந்து தரநிலை: தலைமைத்துவம், நிர்வாகம், பாடத்திட்டம் புறப்பாடம் மாணவர் நலம் மூன்றையும் சேர்த்த மேலாண்மை, வகுப்பறைப் போதனை, மாணவர் உருவாக்கம். இதையும் பள்ளியே மதிப்பிடுகிறது. நான்காவதும் ஐந்தாவதும்தான் நம் பிள்ளைக்கு நேராக வருகிற விஷயம், அந்த இரண்டில் போன வருடம் எது பலவீனம், இந்த வருடம் என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுத்தால் பதில் தயாராக இருக்கும். நான் ஒருமுறை எழுதிக் கொடுக்காமல் எழுந்து கேட்டேன், "பிறகு பார்ப்போம்" என்றார்கள், இன்றுவரை பார்க்கவில்லை.

ஜெலுத்தோங் அப்பா:
அக்கா, நல்ல மனதோடு சொல்கிறீர்கள், தெரியும். நான் இரண்டு ஷிப்ட் வேலை பார்க்கிறேன், சனிக்கிழமை காலைக் கூட்டத்துக்குப் போனால் அன்றைய சம்பளம் போகும். தரநிலை ஐந்தா ஆறா என்று நான் படித்துவிட்டு வந்தால்தான் என் பையனைப் பற்றி எனக்குச் சொல்வார்களா? அறிக்கையின் அடியில் "3க்குக் கீழே இருந்தால் எங்களை அழையுங்கள்" என்று ஒரு வரி அச்சடித்திருந்தால் எனக்கு அது போதும்.

புக்கிட் மெர்தாஜாம் பாட்டி வீட்டுப் பேத்தி:
எங்களுக்கு நடந்தது வேறு மாதிரி. தம்பியின் பள்ளியில் தலைமையாசிரியை திரையைப் போடவே இல்லை. வெள்ளைப் பலகையில் எழுதினார்: ஆண்டு 2இல் 19 பேர், சரளமாக வாசிப்பவர்கள் 12, மீதி 7. "இந்த ஏழு பேருக்கும் செவ்வாய், வியாழன் பள்ளி முடிந்து ஒரு மணி நேரம் வாசிப்பு. எனக்கு ஆசிரியர் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்க மூன்று பெற்றோர் வேண்டும்." என் பாட்டி கையைத் தூக்கினார். எழுபது வயது, ஆறாம் வகுப்புதான் படித்தவர். வருட முடிவில் அதே பலகையில் 7ஐ அழித்து 2 என்று எழுதினார் தலைமையாசிரியை. அந்த இரண்டு பேருக்கு அடுத்த வருடம் என்ன ஏற்பாடு என்பதையும் சொன்னார்.

பட்டர்வொர்த் ஓய்வு ஆசிரியர்:
பத்தொன்பது பேர் இருக்கிற வகுப்பில் ஏழு என்று எழுதினால் அந்த ஏழு பேர் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடுமே. பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்காதா?

புக்கிட் மெர்தாஜாம் பாட்டி வீட்டுப் பேத்தி:
சார், பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் இல்லை, பெயர் எதையும் சொல்லவில்லை. என் தம்பி அந்த ஏழில் ஒருவன். வகுப்பாசிரியர் முதல் நாளே அம்மாவைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டார். அதனால் அம்மாவுக்குப் பலகையைப் பார்த்தபோது அதிர்ச்சி இல்லை.

செந்தூல் அம்மா:
என் சின்ன மகனுக்குப் போன வாரம் அறிக்கை வந்தது. கணிதத்தில் டிபி 3. ஜெலுத்தோங் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு வகுப்பாசிரியருக்கு வாட்சாப்பில் குரல் பதிவு அனுப்பினேன். இரவு ஒன்பதரைக்குப் பதில் வந்தது: பெருக்கல் வாய்ப்பாடு வருகிறது, வகுத்தல் வரவில்லை, ஒவ்வொரு நாளும் ஐந்து கணக்கு போதும் அம்மா என்று. இன்று மூன்றாவது நாள்.