புதுப்பிப்பு: எஸ்டோனிய மொழி பேசிப் பழக ஆள் கிடைத்தார்கள்

மூன்று மாதங்களுக்கு முன், எஸ்டோனிய மொழியைப் பேசிப் பழக இணையத்தில் எங்கே ஆட்கள் கிடைப்பார்கள் என்று இங்கே கேட்டிருந்தேன். நீங்கள் சொன்ன வழிகளில் எனக்குப் பலன் தந்தவற்றை எழுதுகிறேன்.

கேலெக்லிக் என்னும் இலவசப் பாடத்தை முதலில் முடித்தது நல்லதாயிற்று; அடிப்படைச் சொற்கள் இல்லாமல் எந்தக் குழுவில் நுழைந்தாலும் உரையாடல் ஆங்கிலத்துக்கே தாவிவிடுகிறது. ரெட்டிட்டின் எஸ்தி குழுவில் எஸ்டோனியர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வதைத் தினமும் வாசிக்கிறேன். ஆனால் என்னை உண்மையில் மாற்றியது, டிஸ்கார்ட் என்னும் அரட்டைச் செயலியில் வாரம் ஒருமுறை கூடும் சிறிய குரல் குழுதான்.

அங்கேதான் 'லின்ன' என்ற சொல் பிடிபட்டது: 'நகரத்தின்' என்பதற்கும் 'நகரத்துக்குள்' என்பதற்கும் எழுத்து ஒன்றே, ஆனால் பின்னதில் 'ன்ன' ஒலி இன்னும் நீள்கிறது. குறில், நெடில் என்று இரண்டே அளவு பழகிய என் காதுக்கு அந்த மூன்றாவது அளவு எந்தப் புத்தகத்திலும் கேட்டிருக்காது. ஒரு பெண்மணி, நான் சரியாகச் சொல்லும்வரை, பொறுமையாக ஏழெட்டு முறை சொல்லிக் காட்டினார்.

பதினான்கு வேற்றுமைகளில் ஐயம் வந்தால் சொனவேப் அகராதியில் வடிவங்களைச் சரிபார்க்கிறேன். அடுத்து, பி1 என்னும் இடைநிலைக்கான கேலெதே பாடத்தைத் தொடங்குகிறேன். உடன் படிக்க விரும்புகிறவர்கள் கீழே எழுதுங்கள்.