காம்ரி கூரையில் ஏறும் கயாக் எது? ஹில் கன்ட்ரி ஆறுகளில் ஃபிளை ஃபிஷிங்குக்கு

லியாண்டர் குமார்:

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே லியாண்டரில் இருக்கிறேன். இதுவரை ஆற்றில் இறங்கி நடந்துதான் ஃபிளை ராடு (போலிப் பூச்சி கட்டிய தூண்டில்) வீசி வந்தேன். லானோ ஆற்றில் காஸ்டெல் பாலத்தடி, ஆஸ்டினுக்குக் கீழே கொலராடோ ஆற்றில் வெப்பர்வில் பக்கம், எப்போதாவது சான் மார்கோஸ். பிரச்சினை என்னவென்றால் பாலத்தடியில்தான் எல்லோரும் இறங்குகிறார்கள். இரண்டு வளைவு தாண்டினால் ஆளே இல்லை, ஆனால் நடுவில் ஆளை முழுங்கும் மடு வந்துவிடுகிறது. கரையேறிச் சுற்றிப் போகலாமென்றால் வேலி, தனியார் நிலம். அதனால் கயாக் வாங்கலாம் என்று முடிவு.

என் நிலவரம்: எடை 84 கிலோ. வண்டி டொயோட்டா காம்ரி. கேரேஜ் உண்டு, பாதி இடம் கொலுப் பெட்டிகளுக்குப் போய்விட்டது. பட்ஜெட் துடுப்பு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேர்த்து 1000 டாலர். பெரும்பாலும் தனியாகத்தான் போவேன்.

ஒரு கடையில் 13 அடி பெடல் கயாக்கைக் காட்டினார்கள். காலால் மிதிக்கலாம், இரண்டு கையும் ராடுக்கே, நின்றுகொண்டே காஸ்ட் செய்யலாம் என்றார் விற்பனையாளர். கேட்க நன்றாக இருந்தது. எடை 120 பவுண்டு என்றதும் வெளியே வந்துவிட்டேன். (விலையும் என் பட்ஜெட்டுக்கு எங்கேயோ மேலே.)

மேலே உட்காரும் மாடலா, உள்ளே காலை நீட்டி உட்காரும் மாடலா? எத்தனை அடி? நின்று வீசுவது உண்மையிலேயே அவசியமா?

மார்கோஸ் கரை:

குமார், வெளியே வந்தது நல்ல காரியம். முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: படகிலிருந்தே மீன் பிடிக்கப் போகிறீர்களா, படகில் போய் மீன் பிடிக்கப் போகிறீர்களா? நீங்கள் சொல்லும் ஆறுகளில் கயாக் என்பது டவுன் பஸ். ஏறுவீர்கள், மடுவைத் தாண்டுவீர்கள், அடுத்த கல் ஓட்டத்தில் இறங்கிப் படகைக் கரையில் ஏற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்று வீசுவீர்கள். இங்கே நாம் தேடும் குவாடலூப் பாஸ் மீன் நிற்பதும் ஓட்டமான தண்ணீரில்தான். அப்படிப் பார்த்தால் பெடல், மீன் காட்டும் திரை, நான்கு ராடு ஹோல்டர் எல்லாம் வீண் சுமை.

என் கணக்கில் எடைதான் முதல் கேள்வி. லானோவில் ஆகஸ்டில் பாதித் தூரம் கிரானைட் பாறைமேல் கணுக்கால் அளவுதான் தண்ணீர். இறங்கி இழுக்கத்தான் வேண்டும். 60 பவுண்டு படகை இழுத்துக்கொண்டே அடுத்த மடுவில் மீன் தெரிகிறதா என்று பார்க்கலாம். 100 பவுண்டு என்றால் மூச்சு வாங்குவது மட்டும்தான் நடக்கும். பெடல் அமைப்பு படகின் அடிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஆழத்தில் அதைத் தூக்கி வைத்துவிட்டு எப்படியும் துடுப்பைத்தான் எடுக்கப் போகிறீர்கள்.

நீளம் 10 முதல் 12 அடி போதும். நீளமான படகு ஏரியில் நேராக ஓடும், ஆற்று வளைவில் திரும்பாது. அடிப்பகுதி இரண்டு முனையிலும் லேசாக மேலே வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ராக்கர் என்பார்கள். அது இருந்தால் நீரோட்டத்தில் பட்டென்று திரும்பும்.

மேலே உட்காரும் மாடல்தான் உங்களுக்குச் சரி. ஏறி இறங்குவது சுலபம், உள்ளே வரும் தண்ணீர் ஓட்டை வழியாக வடிந்துவிடும். மூடிய மாடலில் தண்ணீர் ஏறினால் கரைக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்தால்தான் உண்டு. இரண்டுக்கும் நடுவில் நேட்டிவ் அல்டிமேட் மாதிரி கனூபோல் திறந்த படகும் இருக்கிறது. ஃபிளை ஆட்களுக்கு அது பிடிக்கும். காரணம் அடுத்து வருகிறது.

கடைக்காரர்கள் சொல்லாதது லைன் விவகாரம். ஸ்பின்னிங் ராடு பிடிப்பவருக்கு நரம்பு நேராக ரீலுக்குள் போய்விடும். நமக்கு 30 அடி லைன் காலடியில் கிடக்கும். அது எதிலாவது மாட்டியே தீருவேன் என்று சபதம் போட்டதுபோல் நடந்துகொள்ளும். கால் வைக்கும் கட்டை, சீட்டின் திருகு, மூடியின் கொக்கி, செருப்பின் பக்கிள். மீன் அடிக்கும் நொடியில்தான் தெரியும், லைன் எங்கோ சிக்கிக்கொண்டு ஃபிளை ஆறடி முன்னால் சுருண்டு விழும்.

ஆகவே படகு பார்க்கப் போகும்போது உங்கள் ரீலைக் கையில் எடுத்துப் போங்கள். சீட்டில் உட்கார்ந்து, 30 அடி லைனை உருவி இரண்டு காலுக்கும் நடுவில் போட்டு, நுனியை யாரையாவது வேகமாக இழுக்கச் சொல்லுங்கள். எங்கெல்லாம் மாட்டுகிறது என்று பாருங்கள். எத்தனை ஆயிரம் டாலர் படகானாலும் நான்கைந்து இடத்தில் மாட்டினால் வேண்டாம். ஒன்றிரண்டு என்றால் சமாளிக்கலாம்: பழைய குளியல் துண்டை நனைத்து அந்த இடத்தின்மேல் விரித்துவிடுங்கள். ஈரத்துண்டில் லைன் அப்படியே கிடக்கும், காற்றுக்கும் பறக்காது. இதற்கென்றே விற்கும் வலைக் கூடைகளைவிட நன்றாக வேலை செய்கிறது என்பது என் அபிப்பிராயம்.

சீட்டுக்குப் பின்னால் நெட்டுக்குத்தாக நிற்கும் ராடு ஹோல்டர்களைக் கழற்றிவிடுங்கள், பின்வீச்சில் ஃபிளை அதில்தான் போய் உட்காரும். 9 அடி ராடைப் படுக்கவைத்து, நுனி பின்பக்கம் பார்க்க வையுங்கள். நுனி முன்னால் நீட்டியிருந்தால், சைப்ரஸ் கிளைக்கடியில் ஓட்டம் தள்ளும்போது நேராகக் குத்தி ஒடியும். பின்னால் இருந்தால் உரசி வளைந்து வந்துவிடும்.

மாடல் பெயர் கேட்பீர்கள். ஜாக்சன் கூசா ஆற்றுக்கென்றே வடிவமைத்தது. சுமார் 11 அடி. எடை நான் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதல், ஆனால் ராக்கருக்காக மன்னிக்கலாம். புதிது உங்கள் பட்ஜெட்டில் வராது. பழையது ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் அவ்வப்போது வரும்.

பாஸ்ட்ராப் பாண்டி:

அண்ணன் சொல்வது லானோவுக்கும் சான் மார்கோஸுக்கும் சரி. கொலராடோவுக்கு முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். லாங்ஹார்ன் அணைக்குக் கீழே பாஸ்ட்ராப் வரை ஆறு அகலமானது, பல இடத்தில் மணலும் சரளையும் புல்லும். அங்கே படகில் எழுந்து நின்றால், ஒரு அடி உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாத மீன் எல்லாம் தெரியும். குவாடலூப் பாஸின் டெக்சாஸ் சாதனையே ஆஸ்டினுக்குக் கீழே இந்த ஆற்றில்தான், 2014-இல், 3.71 பவுண்டு, அதுவும் ஃபிளை ராடில். இதே ஆற்றில் படகில் நின்று வீசுவது வீண் என்றால் எப்படி?

நிற்க வேண்டுமென்றால் அகலம் 34 அங்குலமாவது வேண்டும், அடி தட்டையாக இருக்க வேண்டும். கடைத் தரையில் நின்று பார்ப்பது கணக்கில் வராது. வாடகைக்கு எடுத்து, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, தலையைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். பின்வீச்சைத் திரும்பிப் பார்க்கும் அந்த நொடியில்தான் ஆள் விழுவது.

இன்னொன்று. கிளம்புமுன் ஆற்று நீரை நிர்வகிக்கும் எல்.சி.ஆர்.ஏ.வின் ஹைட்ரோமெட் இணையப் பக்கத்தில் நீர்வரத்தைப் பாருங்கள். மேட்டூர் செய்தியில் வினாடிக்கு இத்தனை கன அடி என்று வருமே, அதே அளவுதான். மேலே திறந்துவிட்டால் காலையில் நின்ற மணல் திட்டு மதியம் இருக்காது.

உஷா, சீடர் பார்க்:

ஆண்கள் யாரும் அதைக் கார்மேல் எப்படி ஏற்றுவது என்று பேசவில்லையே! காம்ரிக்குக் கூரையில் ரெயில் கிடையாது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப் வகைக் கம்பிகள் வாங்க வேண்டும். அதற்கும் பட்ஜெட்டில் இடம் விடுங்கள்.

நான் 52 கிலோ. என் படகு 10 அடி, 45 பவுண்டு. தனியாகத்தான் ஏற்றுகிறேன். டிக்கி மூடியின்மேல் பழைய யோகா மேட் ஒன்றை விரித்து, படகின் முன்முனையை மட்டும் தூக்கிப் பின்கம்பியில் சாய்த்துவிட்டு, பின்னால் போய் மிச்சத்தைத் தூக்கித் தள்ள வேண்டும். ஒரு நேரத்தில் பாதி எடைதான் கையில் இருக்கும். பட்டையைச் சும்மா நேராகக் கட்டாமல் நடுவில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டுங்கள், நெடுஞ்சாலையில் விர்ர்ரென்று அலறாது. முன்னாலும் பின்னாலும் கயிறு கட்டாமல் 183 நெடுஞ்சாலையில் ஏறவே ஏறாதீர்கள்.

லைஃப் ஜாக்கெட்டில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். பின்பக்க நுரை மேல்முதுகில் மட்டும் இருக்கும் வகையை வாங்கினால் கயாக் சீட்டில் சாய வசதி. டெக்சாஸ் சட்டப்படி 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் போட்டே ஆக வேண்டும், பெரியவர்களுக்குப் படகில் இருந்தால் போதும். சட்டம் எப்படியோ போகட்டும், தனியாகப் போகிறவர் நீங்கள். போட்டுக்கொள்ளுங்கள். அதைச் சீட்டுக்கு மெத்தையாக வைத்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லியாண்டர் குமார்:

மூவருக்கும் மிக்க நன்றி. லைன் சோதனை பிரமாதம், இந்த வாரமே செய்துவிடுகிறேன். பாண்டி சொன்ன கொலராடோ ஆசையை இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன். நான் அதிகம் போவது லானோ, அங்கே இறங்கி இழுக்கிற வேலைதான் ஜாஸ்தி.

இன்னும் இரண்டு சந்தேகம். நல்ல இடத்தில் படகை நிறுத்த நங்கூரம் வேண்டுமா? அப்புறம், தனி ஆள் ஆற்றோடு கீழே போய்விட்டால் காருக்குத் திரும்புவது எப்படி?

மார்கோஸ் கரை:

ஓடும் தண்ணீரில் நங்கூரம் வேண்டாம், குமார். பக்கவாட்டில் கட்டிப் போட்டால் கயிறு இழுபடும்போது படகின் மேலோட்டப் பக்கம் அமுங்கும், தண்ணீர் அதன்மேல் ஏறும், அடுத்த நொடி நீங்கள் உள்ளே. சிலர் பின்முனையிலிருந்து சங்கிலியை இழுத்து வேகத்தைக் குறைப்பார்கள். அது கல்லிடுக்கில் சிக்கும். உடனே கழற்றிவிடும் பூட்டு இல்லாமல் செய்யவே கூடாது. நிறுத்த வேண்டுமென்றால் கரை இருக்கிறது, பாறைக்குப் பின்னால் சுழித்து நிற்கும் தண்ணீர் இருக்கிறது.

அதைவிட முக்கியம் விழுந்து கிடக்கும் மரம். சைப்ரஸ் சாய்ந்து கிளைகள் ஆற்றில் கிடந்தால் தண்ணீர் ஊடே புகுந்து போகும், நீங்கள் போக மாட்டீர்கள். தூரத்தில் பார்க்கும்போதே ஒதுங்குங்கள். தப்பித்தவறி மோதிவிட்டால் மரத்தின் பக்கமாகச் சாயுங்கள். விலகிச் சாய்ந்தால் மேலோட்டப் பக்கம் அமுங்கிக் கவிழ்ந்துவிடும். உடம்பு இயல்பாகச் செய்வது இதற்கு நேர்மாறு, அதனால் முன்பே மனசில் ஓட்டிப் பாருங்கள். சின்னத் தடுப்பணைகளிலும் இறங்காதீர்கள், கீழே சுழலும் தண்ணீர் ஆளை வெளியே விடாது. மழை முன்னறிவிப்பு இருந்தால் வீட்டில் இருங்கள்; 2025 ஜூலை 4 அன்று குவாடலூப் ஆற்று வெள்ளம் என்ன செய்தது என்று நாம் எல்லோரும் பார்த்தோம்.

திரும்பி வருவதற்குச் சுலப வழி, முதலில் எதிரோட்டத்தில் மேலே போவது. வெயில் ஏறுமுன் இரண்டு மூன்று மடு மேலே ஏறிவிட்டு, பிறகு மீன் பிடித்துக்கொண்டே மிதந்து காருக்கு வந்துவிடலாம். கல் ஓட்டம் வரும் இடத்தில் இறங்கி இழுப்பீர்கள், எடை பற்றி நான் ஏன் அவ்வளவு சொன்னேன் என்று அங்கே புரியும். ஒருவழிப் பயணம்தான் வேண்டுமென்றால் முடியும் துறையில் சைக்கிளைப் பூட்டிவிட்டு மேலே போய்த் தொடங்குங்கள். லூலிங்கில் செட்லர் மில் பாதை சுமார் 6 மைல், புதியவருக்கு நல்லது. முடிவில் ஆலை அணைக்கு முன்பே கரையேற வேண்டும், பலகை வைத்திருப்பார்கள்.

லியாண்டர் குமார்:

சான் மார்கோஸில் ஒருவர் பழைய கூசா ஒன்றை 600 டாலர் சொல்கிறார். போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறது. நேரில் என்ன பார்க்க வேண்டும்?

மார்கோஸ் கரை:

மேலே எடுத்த போட்டோவை நம்பாதீர்கள், கவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். பின்முனையின் அடியில்தான் எல்லோரும் இழுத்துத் தேய்த்திருப்பார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் நெளிகிறதா பாருங்கள். பிறகு வடிகால் ஓட்டைகளின் உள்விளிம்பில் மயிரிழை விரிசல். டார்ச் அடித்தால்தான் தெரியும். பாலிஎத்திலீன் பசைக்கு ஒட்டாது, சூடு வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும், அதனால் விரிசல் இருந்தால் விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள். கீறல்கள் பரவாயில்லை. சந்தேகமாக இருந்தால் மூடியைத் திறந்து உள்ளே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, கல்மேல் ஏற்றி வைத்து அடியில் ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்.

எல்லாம் சரியென்றால் 500-இல் ஆரம்பியுங்கள். துடுப்பு சேர்த்துத் தருகிறாரா என்றும் கேளுங்கள்.

உஷா, சீடர் பார்க்:

கம்பியும் பட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். பட்டைகள் இல்லையென்றால் என்னிடம் ஒரு ஜோடி உபரி இருக்கிறது, வாங்கிக்கொள்ளலாம்.